நியூட்ரலும் கிளட்ச் இல்லாத மோட்டார் சைக்கிளும்

தஞ்சாவூர்ச் சீமையில் மேடு பள்ளமே கிடையாது, எல்லாம் தட்டைத் தரை என்று சொல்கிறவர்கள் யாரும் நியூட்ரலின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனதில்லை. நீடாமங்கலத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் தரை எங்கே சாய்கிறது, எங்கே சாய்கிற மாதிரி பாசாங்கு பண்ணுகிறது என்பது அவருக்கு அத்துப்படி. ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, அந்த வாய்க்காலும் பிரிந்து ஓடுகிற ஊர் எங்களுடையது. அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு பாலம் உண்டு. பாலத்தின் உச்சிக்கு வந்ததும் நியூட்ரல் காலால் ஒரு தட்டு தட்டிக் கியரை விடுவித்து வண்டியையும் நியூட்ரலுக்குக் கொண்டுவருவார். சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்துவார். பிறகு ஒரு பேரமைதி.

“ஏறும்போது நாம பெட்ரோல் குடுத்தோம்ல? இறங்கும்போது அது சும்மா கூட்டிட்டுப் போகட்டும். இது நியாயந்தானே ஏஜென்ட் சார்?”

அவர் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். கடைத்தெருவில் அவருக்கு வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் விருந்து என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே இலை விழுந்தாலும் அண்டாவும் கரண்டியும் இவர் கடையிலிருந்துதான் போகும். ஆனால் வாடகைப் பாத்திரக் கடைக்காரர் எங்கே என்று கேட்டால் எங்கள் தெருவில் விழிப்பார்கள். நியூட்ரல் என்று கேட்டால் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும்.

பாலத்தில் இறங்குகிறபோது பின்னால் இருப்பவருக்குக் கடமைகள் உண்டு. முதலாவது, முதுகை வளைத்துக் காற்றுக்கு வழிவிடுவது. அடுத்தது, வேகம் குறைந்து வண்டி தள்ளாட ஆரம்பித்ததும் இரண்டு காலாலும் தரையைத் துடுப்புப் போடுவது. எல்லாவற்றையும்விட முக்கியம், சாவியைத் திருகினால் ஹாரனும் அடங்கிவிடும் என்பதால் ஹாரனாக இருப்பது.

“சவுண்டு குடுங்க சார், சவுண்டு குடுங்க!”

“வண்டி வருது! வண்டி வருது!” என்று நான் கத்தியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய, பேரன் பார்த்த, நாலு பேர் மதிக்கிற இன்சூரன்ஸ் ஏஜென்ட் நான்.

ஒரு தடவை ஒரு காதுகுத்து வீட்டிலிருந்து காலி அண்டாவோடு திரும்புகிறோம். அண்டா என் மடியில். பாலத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. “தலையில கவுத்துக்கங்க சார், நனையாம வரலாம்” என்றார் நியூட்ரல். கவிழ்த்துக்கொண்டேன். இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டது. உள்ளே ரசவாசனை. அந்த நிலையில் பாலத்து உச்சியில் அவர் இன்ஜினை நிறுத்த, நான் அண்டாவுக்குள்ளிருந்து “வண்டி வருது” என்று கத்த, அது கர்ப்பக்கிரகத்திலிருந்து வருகிற குரல் மாதிரி வெளியே போயிருக்கிறது. படித்துறையில் மாடு கழுவிக்கொண்டிருந்த ஒருவர், சத்தமே இல்லாமல் கால் முளைத்த அண்டா ஒன்று தன்னைக் கூப்பிட்டுக்கொண்டே பாலத்தில் இறங்குவதாக நினைத்து, மாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய், மூன்று நாள் விபூதி பூசிக்கொண்டு படுத்திருந்தாராம். அவரிடம் பிறகு நான் ஒரு பாலிசி பிடித்தேன். அது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் ஊரில் வண்டி வாங்குகிற ஒவ்வொருவரும் கூடக் கூட்டிக்கொண்டு போவார்கள். நியூட்ரல் சரி என்று சொல்லாமல் எங்கள் தெருவில் ஒரு வண்டிக்கும் மாலை விழுந்ததில்லை. மைலேஜ் என்ன, விலை என்ன என்றெல்லாம் அவர் கேட்க மாட்டார். அவர் பரீட்சையே வேறு. கையில் ஒரு அண்டாவோடுதான் ஷோரூமுக்குள் நுழைவார். பின் சீட்டில் அண்டா உட்காருகிறதா, உட்கார்ந்தால் ஓட்டுகிறவர் முதுகில் இடிக்கிறதா, பக்கவாட்டில் மண்வெட்டி கட்ட இடம் இருக்கிறதா, டேங்க்கின் மேல் உரமூட்டை சறுக்காமல் நிற்குமா? பந்தய வண்டி மாதிரி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்ற ஒன்றைப் பார்த்து, “இதுல சம்சாரத்தை உக்கார வச்சா நேரா நம்ம தலைக்கு மேலதாங்க வந்து நிப்பாங்க” என்று அவர் சொன்னதில் ஒரு மாப்பிள்ளைப் பையன் வண்டியை மாற்றிக்கொண்டான். அவர் உள்ளே நுழைவதைக் கண்டதும் டெஸ்ட் ரைடு சாவியை ஒளித்து வைக்கிற மேனேஜரும் உண்டு.

என் கதைக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குறுவை அறுப்பு சமயத்தில் என் இடது கைக் கட்டைவிரலின் அடியில் வீங்கிக்கொண்டது. டீத் தம்ளரைத் தூக்கினால் மின்சாரம் அடிக்கும். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன வேலை பாக்குறீங்க?” என்றார். “மோட்டார் சைக்கிள்ல ஊர் ஊரா அலையுற வேலை” என்றேன். “இனிமே கிளட்ச் புடிக்கக் கூடாது” என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கிளட்ச் பிடிக்காமல் நான் எப்படிப் பிழைப்பது? என்னிடம் பாலிசி எடுத்தவர்கள் எல்லாரும் வாய்க்கால் கரை ஊர்களில் இருக்கிறவர்கள். மினி பஸ் மனசு வைத்தால் வரும் இடங்கள் அவை. ஸ்கூட்டர் வாங்கலாமே என்பீர்கள். வாங்கினேன், விற்றேன். சின்னச் சக்கரத்துக்கு எங்கள் கரைப் பள்ளங்கள் பெரியவை. முதல் மழையிலேயே ஸ்கூட்டர் ஒரு பள்ளத்துக்குள் இறங்கி, நான் மட்டும் தொடர்ந்து போய்ப் பக்கத்து வயலில் நடவு நட்டேன்.

சிங்கப்பூரிலிருக்கிற என் மகன் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். “அப்பா, ஓட்டுனது போதும். வண்டியைக் குடுத்துடுங்க. ஏஜென்சியையும் விட்டுடுங்க. வீட்ல டி.வி. பாருங்க.” என் மனைவி கோமதி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவே இல்லை. நாள் முழுக்க இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவள் யோசித்துப் பார்க்கவில்லை. நான் யோசித்தேன். வியர்த்தது.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பார்க்க அசல் மோட்டார் சைக்கிள். பெரிய சக்கரம், டேங்க், எல்லாம் இருக்கிறது. கிளட்ச் மட்டும் இல்லை. கியரைத் தானே போட்டுக்கொண்டு தானே மாற்றிக்கொள்ளுமாம். முதலில் வந்த வண்டியில் இருந்த குறைகளைத் திருத்திப் புது மாடலாக விட்டிருந்தார்கள். போன் செய்து என் கைவலியைச் சொன்னேன். வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னார்கள். உடனே நியூட்ரல் கடைக்கு ஓடினேன்.

“கிளட்ச் இல்லையா?” என்றார். எவர்சில்வர் வாளி துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். “வரச் சொல்லுங்க. பாத்துருவோம்.”

தஞ்சாவூர் ஷோரூமிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது ஆரோக்கியமேரி என்ற பெண். ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைக் கோதிக்கொண்டு, “வணக்கம் சார். ஓட்டப் போறது யாரு?” என்று கேட்டாள். நான் நியூட்ரலைக் காட்டினேன். நியூட்ரல் என்னைக் காட்டினார்.

அண்டாப் பரீட்சையில் வண்டி தேறியது. மண்வெட்டிப் பரீட்சையிலும் தேறியது. பிறகு வாய்மொழித் தேர்வு.

“ஏம்மா, இதுல நியூட்ரல் இருக்கா?”

“இருக்கு சார். இதோ, இந்தப் பட்டன்.”

“ஓடும்போது போடலாமா?”

“நிக்கும்போதுதான் சார் விழும். ஓடும்போது வேலை செய்யாது.”

“அப்ப பாலத்துல?”

“பாலத்துல அதுவே புடிச்சுப் புடிச்சு மெதுவா இறங்கும் சார். சேஃப்டி.”

“அது எதுக்கு மெதுவா இறங்கணும்? நாம என்ன சாமியா தூக்கிட்டுப் போறோம்?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நியூட்ரல் சிரிக்கவில்லை. துக்க வீட்டில் உட்கார்வது போல என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தார்.

“பேட்டரி படுத்துட்டா தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?”

“முடியாது சார்.”

“வெள்ளம் வந்தா?”

“எந்த வண்டியும் ஓடாது சார்.”

“நம்ம ஊரு மெக்கானிக் தொறந்து பாப்பானா?”

“பாப்பாரு. மூடத்தான் தெரியாது” என்றாள் ஆரோக்கியமேரி. “ஆனா சார், உங்க ஊரு ரயில்வே கேட்ல எவ்வளவு நேரம் நிக்கிறீங்க? கேட் தொறந்ததும் அத்தனை வண்டியும் ஒரே நேரத்துல உரசிக்கிட்டு ஊருதே, அங்க கிளட்சைப் புடிச்சுப் புடிச்சு விட்டுதானே சாருக்குக் கை இப்படி ஆச்சு? இதுல ஆக்சிலேட்டரைத் தொட்டா போகும், விட்டா நிக்கும். வாத்து மந்தை குறுக்க வந்தாலும் வண்டி ஆஃப் ஆகாது. பழைய மாடல் மெதுவா போறப்ப வெடுக்கு வெடுக்குனு இழுக்கும். அதைத்தான் இப்ப சரி பண்ணியிருக்காங்க.”

நியூட்ரல் அவளை மரியாதையோடு பார்த்தார். அவர் சரி என்று சொல்லிவிட்டால் நான் ஓட்ட வேண்டும். சரியில்லை என்று சொல்லிவிட்டால் டி.வி. பார்க்க வேண்டும்.

“ஓட்டிப் பாருங்க சார்” என்றார். “நான் பின்னாடி உக்காந்துக்கறேன்.”

மன்னார்குடி ரோட்டில் கொஞ்ச தூரம் அருமையாகப் போனது. இடது கை சும்மா கிடந்தது. இடது கால் சும்மா கிடந்தது. பென்ஷன் வாங்கிவிட்ட மாதிரி ஒரு சுகம். பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்புகிற சாலையில்தான் விதி நெல் வடிவத்தில் படுத்திருந்தது.

அறுப்பு சமயத்தில் எங்கள் பக்கம் பாதி ரோடு போக்குவரத்துக்கு, பாதி நெல்லுக்கு. ஈரநெல்லைத் தாரில் பரப்பி, எல்லைக்குச் செங்கல்லோ ஒடித்த கிளையோ வைத்துவிடுவார்கள். வண்டிகள் மீதிப் பாதியில் ஒதுங்கிப் போகும். நானும் ஒதுங்கித்தான் போனேன். எதிரே நெல் ஏற்றிய டிராக்டர் வந்தது. பழைய வண்டியாக இருந்தால் இந்த இடத்தில் என் இடது கை கிளட்சை முக்கால்வாசி பிடிக்கும், கால் ஒரு கியர் குறைக்கும், நான் வேறு ஏதாவது நினைத்துக்கொண்டிருப்பேன். எத்தனையோ வருஷமாக இந்த வேலைகளைச் செய்தது நான் அல்ல, என் கை.

கை இப்போதும் தன் வேலையைச் செய்தது. வேகமாகப் பிடித்தது. பிடித்தது காற்றை. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அது கலவரப்பட்டு இன்னும் இறுகியது. அண்ணன் இறுகுகிறானே என்று வலது கையும் கூடவே இறுகியது. வலது கையில் இருந்தது ஆக்சிலேட்டர்.

வண்டி செங்கல் எல்லையைத் தாண்டி நெல்லுக்குள் நுழைந்தது. நெல்லின் மேல் சக்கரம் போவது எண்ணெய்க் கொப்பரையில் நடப்பது மாதிரி. இரண்டு காலையும் கீழே ஊன்றி உழுதுகொண்டே போனேன். பின்னால் நியூட்ரல் பழக்கதோஷத்தில், “வண்டி வருது! வண்டி வருது!” என்று கத்தினார். நான் கத்தியது என்ன என்று அவர் பிறகு சொன்னார். “எல்.ஐ.சி.! எல்.ஐ.சி.!” என்று ஏதோ சொல்லிவிட்டு, “நாமினி கோமதி” என்றேனாம். கடைசியில் கூட்டி வைத்திருந்த ஒரு நெல்குவியலில் முட்டி, வண்டி பக்குவமாகச் சாய்ந்தது. நாங்களும் சாய்ந்தோம். ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. எதிரே வந்த டிராக்டர் எப்போதோ நின்று, எங்களை ரசித்துக்கொண்டிருந்தது.

நெல்லுக்குக் காவல் இருந்த அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“மன்னிச்சுக்கங்கம்மா. வண்டி புதுசு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. நெல்லின் நடுவே என் கால்கள் கிழித்துவிட்டு வந்த இரண்டு நீளமான சால்களைப் பார்த்தார்.

“கிளறி விடத்தான் ஆளு தேடிக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் கிளறியிருக்கீங்க. அந்தப் பக்கமும் ஒரு நடை போயிட்டு வாங்களேன்.”

வீட்டுக்கு நான் வண்டியை ஓட்டவில்லை. நியூட்ரல் ஓட்டினார். நான் பின்னால் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காது, சட்டைப்பை, பனியன் எல்லாவற்றிலிருந்தும் நெல் உதிர்ந்தது. பாலத்தில் அவர் ஓடுகிற வண்டியிலேயே அந்தப் பட்டனை அழுத்திப் பார்த்தார். வண்டி கண்டுகொள்ளவில்லை. “திமிரு புடிச்சது” என்று முணுமுணுத்தார்.

“எனக்கு வேண்டாம்மா” என்று ஆரோக்கியமேரியிடம் சொல்லிவிட்டேன். “விபத்துப் பாலிசி விக்கிறவன் நான். நானே விபத்தானா யாரு எங்கிட்ட வாங்குவா?” சொல்லும்போது சிரித்தேன். கோமதி என் தலைமுடியிலிருந்து ஒரு நெல்லை எடுத்தாள். “போதுங்க. உள்ள வாங்க” என்றாள். அவள் குரலில் இப்போது சந்தோஷம் இல்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

நியூட்ரலைக் காணோம். திரும்பிப் பார்த்தால் கொல்லைப்பக்கம் நின்றிருந்த என் பழைய மோட்டார் சைக்கிளின் முன்னால் ஸ்பேனரோடு குந்தியிருந்தார்.

“அண்ணே, என்ன பண்றீங்க?”

“உங்க கிளட்ச் லீவரைக் கழட்டறேன்.”

“எதுக்கு?”

“கை சும்மா இருந்தா வம்புக்குப் போவுது சார். அதுக்கு ஒரு வேலையைக் குடுப்போம்.”

கழற்றிய லீவரைக் கொண்டுவந்து புது வண்டியின் இடது கைப்பிடியில் வைத்து, அதன் வளையத்தோடு முடுக்கிவிட்டார். கேபிள் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்கேயும் போகாத கிளட்ச். பிடித்தால் பஞ்சு மாதிரி வந்தது. கட்டைவிரலுக்கு வலியே தெரியவில்லை.

ஆரோக்கியமேரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “சார், இது கம்பெனி ஒத்துக்காது சார்.”

“கம்பெனியாம்மா நெல்லுல போய் விழுந்துச்சு?”

“லீவரே இல்லாத வண்டினு விளம்பரம் பண்றோம் சார். அதுல போய்…”

“ரெண்டு நட்டுதான்மா. சார் கைக்கு நம்பிக்கை வந்ததும் கழட்டிக்கலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏறுங்க சார்.”

“அண்ணே, வேண்டாம்ணே. எனக்குக் காலெல்லாம் ஆடுது.”

“ஆடட்டும். காலுக்கு இந்த வண்டில வேலை கிடையாது.”

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வரை நாங்கள் வீட்டுக்கு வரவில்லை. ரயில்வே கேட்டில் வேண்டுமென்றே கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். கேட் திறந்ததும் அந்த நெரிசலில் என் இடது கை வழக்கம்போலப் பிடித்தது, விட்டது, பிடித்தது, விட்டது. வண்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வண்டி பாட்டுக்கு வண்டி, கை பாட்டுக்குக் கை. வலது கைதான் இப்போது நிதானமாக இருந்தது. எதிரே பஸ் வந்தது, போனது. மாடு வந்தது, போனது. அந்த நெல்ரோட்டுக்கே திரும்பப் போனோம். காவல் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் எழுந்து, நெல்லின் மறுபக்கத்தைக் கை காட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டு, ஒரு மணியைக்கூட மிதிக்காமல் ஓரமாக ஓட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் ஏமாற்றமாக உட்கார்ந்துவிட்டார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் நியூட்ரல் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். நானும் கோமதியும் ஆரோக்கியமேரியும் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் போல வரிசையாக நின்றோம்.

“எனக்கு இந்த வண்டி ஆகாது” என்றார். “பாலத்துல மனுசனை நம்பாத வண்டி. என் பகையாளிக்குக்கூட இதைச் சொல்ல மாட்டேன்.”

நான் சாவியை ஆரோக்கியமேரியிடம் நீட்டினேன்.

“சாருக்கு ஆகும். எடுத்துக்கங்க.”

மகனிடம் கோமதியே பேசினாள். “உங்கப்பா வாங்கட்டும்டா. அவரு நாள் முழுக்க வீட்ல இருந்தா அந்த டி.வி.யும் நானும் என்னடா பண்றது?” அவளும் யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

வண்டி வந்த மறுநாள் காலையில் தனியாகக் கிளம்பினேன். வாய்க்கால் கரையில் ஒரு கிராமத்துக்குப் போக வேண்டியிருந்தது. நியூட்ரலிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். “போய்ட்டு வாங்க சார், எனக்குக் கடையில வேலை கிடக்கு” என்று சொன்னவர் வாளியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

ஊரைத் தாண்டிக் கரையில் ஏறியதும் கண்ணாடியில் தூரத்தில் ஒரு வண்டி தெரிந்தது. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. சந்தேகப்பட்டு ஓரங்கட்டி நின்றேன். அதுவும் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சொந்த வயல் மாதிரி யாருடைய வயலையோ மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு பயிரைக் குனிந்து தொட்டுக்கூடப் பார்த்தார். நியூட்ரலுக்கு வயல் கிடையாது. நெல்லுக்கும் அருகம்புல்லுக்கும் வித்தியாசம் தெரியுமா என்பதே சந்தேகம்.

நான் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன். கண்ணாடியை மட்டும் அவர் நன்றாகத் தெரிகிற மாதிரிக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு, அவர் பின்தங்கிவிடக் கூடாதே என்று மெதுவாகவே ஓட்டிக்கொண்டு போனேன்.